செவ்வாய்க்கிழமை பத்தரை மணி விமானம்

அக்கா,

விமானத்துக்குக் கொண்டுபோகும் தோல் பையின் பிடி நேற்று அறுந்துவிட்டது. இன்று காலை புதுப் பைக்குச் சாமான்களை மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய பையின் அடியில், வரைபடங்களுக்கும் ஒற்றைக் காலுறைக்கும் கீழே, உன் மஞ்சள் பொலித்தீன் தாள் மடிந்து கிடந்தது. மழை நாளில் தலையில் போட்டுக்கொண்டு நீ தேயிலைக் கொழுந்தெடுத்த தாள். விரித்தேன். ஷார்ஜாவில் இந்தக் குளிரூட்டிய ஹோட்டல் அறைக்குள் அடுப்புப் புகை மணத்தது. பை அடுக்குவதை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

இந்தத் தாளை வைத்துத்தானே நீ பதினைந்து வருடம் எனக்குக் கை காட்டினாய். எனக்கென்று நினைத்துக்கொண்டு யாருக்கோ காட்டினாய் என்பதுதான் சரி. அந்தக் கதையை முழுவதும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்தை நான் உனக்கு நேராகச் சொன்னதே இல்லை.

தொண்ணூற்றிரண்டில் லீவு முடிந்து நான் கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? வளைகுடாவுக்கு மெக்கானிக்காகப் போனவனைக் கம்பனியே படிக்கவைத்து, சரக்கு விமானத்தில் இரண்டாவது விமானியாக உட்காரவைத்திருந்த நேரம். தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. நீ நம்பினாய், ஆனால் உனக்குச் சந்தோசம் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில், நம் ஒற்றைக் காம்பராவில் நீ தனி ஆள். றக்வான பஸ்ஸுக்குக் காத்துநின்றபோது கேட்டாய்.

"சனங்களே ஏறாத பிளேனா? அப்ப யாருகிட்ட பேசிக்கிட்டுப் போவ?"

"பக்கத்துல கெப்டன் இருப்பாரு அக்கா."

"அவரு தூங்கிட்டா?"

"தூங்க மாட்டாரு."

"என்னாத்தயோ சொல்ற. நீ எந்த ஊர்ல, எந்த மானத்துல இருக்கேன்னாவது எனக்குத் தெரிய வேணாமா தம்பி? நான் பாட்டுக்கு இங்க கெடக்குறேன்."

அந்த மாத வேலை அட்டவணை என் சட்டைப் பையில் இருந்தது. செவ்வாய்தோறும் சிங்கப்பூரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து, ஆடைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஷார்ஜா போக வேண்டும். கட்டுநாயக்கவுக்கு இறங்கி வரும் வழி நம் பக்கத்து மலைகளுக்கு மேலேதான். "செவ்வாக்கெழம பத்தரைக்கு நம்ம மலைக்கு மேலதான் போவேன். நிமிந்து பாரு. நானும் ஒன்னய பாப்பேன்" என்றேன். உன் முகம் மாறியது. பஸ் வந்ததும் நீயே என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாய்.

இரண்டு மாதம் அது பொய்யில்லை. கட்டுநாயக்கவில் இரண்டு மணி நேரம் நிற்போம். விமானத்தை விட்டு நகரக் கூடாது. சரக்கு ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இப்போது நீ கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்பாய் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது மாதம் கம்பனி அந்த வழியை நிறுத்திவிட்டது. உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் முந்திக்கொண்டது. 'தம்பி, நேத்து நல்லா தெரிஞ்சிச்சி. மஞ்சத் தாள ஆட்டினேன். பாத்தியா?' நான் என்ன செய்ய? 'பாத்தேன் அக்கா' என்று எழுதிப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

செவ்வாய் பத்தரைக்குச் சிங்கப்பூரிலிருந்து வேறு யாருடைய விமானமாவது வந்துகொண்டேதான் இருந்தது. பயணிகள் விமானம், வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் நிறைந்தது. நீ ஒரு வாரம் தவறவிடவில்லை. அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்த வருடம், 'ஏன் தம்பி ஒரு மணித்தியாலம் சுணங்குது, இஞ்சின்ல பழுதா?' என்று கேட்டு எழுதினாய். அதற்கும் ஒரு பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன்னால் கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாருக்குமே அது வழக்கமாகிவிட்டது. ஒரு லீவில் வந்தபோது பக்கத்துக் காம்பரா மேரி சொன்னாள்: "ஒங்க பிளேன் சத்தம் கேட்டாத்தான் நாங்க தேத்தண்ணி போத்தல தொறப்போம். கங்காணி ஏசுனா, 'எங்க தம்பி போவுது, மரியாதையா இருங்க'ன்னு ஒங்கக்கா சொல்லும்." நீ பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். ஒவ்வொரு லீவிலும் நீ கேட்பாய், "பாத்தியா?" ஒவ்வொரு லீவிலும் நான் சொல்வேன், "பாத்தேன்."

உண்மையில் அந்தச் செவ்வாய்களில் நான் எங்கெல்லாமோ இருந்தேன். நைரோபியில் ரோஜாப்பூ ஏற்றினேன். ஒரு தடவை பின்னால் நாற்பதாயிரம் கோழிக்குஞ்சுகள். விளக்கைக் குறைக்கும்வரை ஓயாத கீச்சுச் சத்தம். ஒரு தடவை பந்தயக் குதிரைகள். அவற்றோடு வந்த பராமரிப்பாளர், விமானம் கீழே இறங்கும்போதெல்லாம் அவற்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் தாலாட்டுகிற மாதிரித்தான் இறக்கினோம். எங்கள் விமானத்தில் வணக்கம் சொல்லி வரவேற்க யாருமில்லை, இறங்கும்போது கைதட்டவும் யாருமில்லை. வேறு வேறு ஊர்களின் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவோம். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது அக்கா. இந்தக் கதைகளைச் சொன்னால் நீ வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். ஆனால் எப்படிச் சொல்வேன்? குதிரைக் கதையைச் சொன்னால் அது எந்தக் கிழமை என்று கேட்பாயே.

இரண்டாயிரத்து ஏழு வந்தது. யுத்தத்தில் கட்டுநாயக்கப் பக்கமும் வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கிய வருடம். விமானச் சத்தம் கேட்டாலே எல்லாரும் வேறு மாதிரி நிமிர்ந்து பார்த்த காலம். அப்படிப்பட்ட நேரத்தில் மலையில் ஒரு கூட்டம் தமிழ்ப் பெண்கள், கிழமை தவறாமல், மணி தவறாமல், விமானத்துக்கு மஞ்சள் தாளை ஆட்டினால் ரோட்டில் போகிறவன் என்ன நினைப்பான்? யாரோ பொலிஸில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜீப் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனது. தாளையும் எடுத்துக்கொண்டார்கள்.

நீ பயப்படவில்லை என்று மேரி பிறகு சொன்னாள். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று நல்ல சிங்களத்திலேயே சொன்னாயாம்: "ஒய பிளேன் எகே யன்னே மகே மல்லி." அந்தப் பிளேனில் போவது என் தம்பி. அவர் என் நம்பரைக் கேட்டார். "இப்ப அடிச்சா எடுக்காது சேர், அவன் மானத்துல இருப்பான்" என்றும் சொல்லியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமைகளில் நீ எனக்குப் போன் பண்ணியதே கிடையாது அல்லவா?

நான் முதல் மணியிலேயே எடுத்தேன். இதே ஷார்ஜாவில், அப்போதுதான் தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஊர் நம்பரைப் பார்த்ததும் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நடந்ததையும் நீ சொன்னதையும் சொல்லிவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று. வானத்தில் என்று சொன்னால் நீ சொன்னது உண்மையாகும், நான் பொய்யனாவேன், அதை ஒரு நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஹோட்டலில் என்று சொன்னால் நீ பொய் சொன்னவளாவாய், அதுவும் பொலிஸில். வாயில் நுரையோடு நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து வருடமாக நான் அந்த வழியே வரவில்லை, அக்காவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"கம்பனியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள், அது போதும். ஆனால் இதை அவருக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள்" என்று சொல்லி அவர் உன்னிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

சொன்னேன்.

"அப்ப அது யாரு?" என்றாய்.

"தெரியல அக்கா. யாரோ."

"சரி வை. சேருக்கு வேல இருக்கும்."

பொழுது சாய்வதற்குள் உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து நான் லீவில் வந்தேன். நீ சோறு போட்டாய், பாய் விரித்தாய், "பாத்தியா?" என்று மட்டும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாய்.

"மொத தடவ சொன்னது என் மனசு ஆறத்தான்னு தெரியும். அது போவட்டும். ஆனா ஒவ்வொரு வருசமும் என் மூஞ்சிய பாத்து 'பாத்தேன், பாத்தேன்'ன்னியே. அதத்தான் தம்பி தாங்க முடியல. இனிமே நீ எது சொன்னாலும் நான் எப்புடி நம்புறது?"

நீ கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை இன்னொன்று இல்லை. அன்று பகல் முழுக்க யோசித்து, கடைசியில் சுவரில் தொங்கிய கலண்டரை இறக்கினேன். அந்த மாதம் ஒவ்வொரு நாளும் நான் எங்கே இருப்பேன், எந்த ஹோட்டல், எந்த நம்பர், என்ன சரக்கு என்று கட்டம் கட்டமாக எழுதினேன். நீ வந்து பார்த்தாய். விரலை வைத்து வாசித்தாய். "குதிரயா?" என்றாய். அவ்வளவுதான். பழைய குதிரைக் கதையையும் கோழிக்குஞ்சுக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாய், முடியவில்லை.

அதன் பிறகு மாதாமாதம் போனில் நான் சொல்லச் சொல்ல நீ கலண்டரில் எழுதிக்கொண்டாய். கைகாட்டுவது நின்றது. தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கும்போது, "இன்னைக்கி தம்பி நைரோபில பூ ஏத்துது" என்று நீ அறிவிப்பது தொடங்கியது. ஆனாலும் என்னை முழுவதும் நம்பிவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

அடுத்த வருடம் திடீரென்று ஒரு சரக்கு. சிங்கப்பூரிலிருந்து கட்டுநாயக்க, அதே பழைய வழி. அப்போது நானே கெப்டன். வியாழக்கிழமை, காலை எட்டு மணி. உனக்குச் சொன்னேன். "தாள் வேணாம். நாங்க சும்மா நிமிந்து பாக்குறோம்" என்றாய். இரத்தினபுரிப் பக்கம் நெருங்கியபோது துணை விமானியிடம், கீழே என் அக்கா நிற்கிறாள் என்றேன். அந்தப் பையனும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். நம் சப்ரகமுவ மாகாணம் முழுக்க மழை மேகம். ஒரு மலையின் நுனிகூடத் தெரியவில்லை.

இறங்கியதும் கூப்பிட்டேன். நீ எடுத்த எடுப்பில் கேட்டாய்.

"பாத்தியா?"

பதினைந்து வருடப் பழக்கம் அக்கா, அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லக்கா. ஒரே மேகம். ஒன்னுமே தெரியல."

நீ சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "எங்களுக்கும் தெரியல தம்பி. சத்தம் மட்டுந்தான் கேட்டிச்சி. நனைஞ்சிக்கிட்டே நின்னோம்" என்றாய். பிறகு மெதுவாக, "இப்பதான் நீ நெசமாவே எனக்கு மேல போன மாதிரி இருக்கு" என்றாய்.

இந்த வருடம் உனக்கு நெஞ்சுவலி வந்தபோது மேரி அந்தக் கலண்டரைப் பார்த்துத்தான் போன் பண்ணினாள். நான் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறவன். அவள் நேரே ஹோட்டலுக்கு அடித்தாள். கலண்டரில் இருந்த ஹோட்டலில் நான் இருந்தேன். இரண்டு நாள் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கிடைத்தது. பழைய பொய் தொடர்ந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. பொலிஸிலிருந்து எப்போதோ திரும்பி வந்திருந்த மஞ்சள் தாள் உன் பெட்டிக்குள் நான்காக மடித்து இருந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள்.

அதைப் புதுப் பைக்குள்ளும் அடியிலேயே வைத்துவிட்டேன். அழவில்லை அக்கா, கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் மாதம் பிறந்தால் ஒரு கலண்டரில் கட்டம் கட்டமாக எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. உன் மணிக்குப் பத்தரை, இங்கே ஒன்பது. நான் ஷார்ஜாவில், தரையில் இருக்கிறேன். பின்னேரம் நைரோபிக்குப் பூ ஏற்றப் போகிறேன். போகிற வழியில் நம் மலை இல்லை.