ஸ்வென்சன் பண்ணை

டோர்வால், அயோவா
ஜூன் 1981

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் நலமில்லை, அதை என்னோடு சேர்க்காதே. சியாட்டிலில் ஓயாத மழை என்று அலுத்துக்கொண்டிருந்தாய். அதில் கொஞ்சம் இங்கே தள்ளிவிட்டிருக்கலாம். மக்காச்சோளம் கணுக்கால் உயரத்துக்கு வந்து அப்படியே நிற்கிறது.

ஆகஸ்டில் ஊருக்கு நூறு வயது. டோலரஸ் குரூகர் விழாக் குழுத் தலைவி ஆகிவிட்டாள், இனி அவளைக் கையில் பிடிக்க முடியாது. ஊர் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறாள். எனக்கு ஒரு வரி போதும்: ரயில் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் ஊர் முளைத்தது, ரயில் நிற்பதை விட்ட பிறகும் போக இடமில்லாமல் ஊர் நின்றுகொண்டிருக்கிறது. ஜெர்மன்காரர்களும் சுவீடன்காரர்களும் ஏன் ஆளுக்கொரு சர்ச் கட்டிக்கொண்டார்கள் என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. இரண்டு தரப்பும் விழாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவர வேண்டுமே.

எல்லாப் பண்ணைகளையும் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றும் வரைகிறோம். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. உழுகிறவன் பெயரில் பண்ணையைச் சொல்ல மாட்டார்கள், விட்டுப் போனவன் பெயரில்தான் சொல்வார்கள். அப்பா கொட்டகையில் ஆளுயர எழுத்தில் தீட்மன் என்று பெயின்ட் அடித்தும், சாகும்வரை ஸ்வென்சன் பண்ணையில்தான் வாழ்ந்தார். மாட்டு டாக்டர் போனில், ஸ்வென்சன் பண்ணைதானே என்பார். "ஸ்வென்சன் கலிஃபோர்னியாவுல ஆரஞ்சு தின்னுக்கிட்டு இருக்கான், இங்க சாணி அள்ளுறவன் தீட்மன்" என்று அப்பா கத்துவார். பிறகு, ஆமாம், அங்கேதான் வாங்க என்று முடிப்பார். நீ மேசைக்கடியில் புகுந்து சிரிப்பாய்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால், வரைபடத்தில் நம் இடத்தில் டோலரஸ் அழகாகத் தீட்மன் பண்ணை என்று எழுதியிருந்தாள். "ஏன் எல்டா மூஞ்சி இப்படிப் போகுது? இப்ப எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்" என்றாள். தானியக் கிடங்கிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். என் காதுக்குத்தான் கடைசியாக வந்திருக்கிறது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் சமைக்கிறேன், துணி காயப்போடுகிறேன். அதற்குள் ஊர் நம்மை வழியனுப்பிவிட்டது. காரில் உட்கார்ந்து அழுதேன்.

வென்டல்மேல் எனக்குக் கோபமில்லை. நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற அவன் இப்போது விலைக்கே கேட்கிறான். அறுவடைக்குள் பதில் வேண்டுமாம். வீட்டையும் கொட்டகையையும் இடித்துவிட்டுச் சாலைவரை சோளம் போடுவானாம், ஒளிக்காமல் சொன்னான். "தம்பியக் கேட்டியா? அவன் வர்றதா இருந்தா நான் விலகிக்கிறேன்" என்றும் சொன்னான். அதைத்தான் இப்போது கேட்கிறேன்.

வந்துவிடு வெர்லின். விழாவுக்கு அல்ல, இருப்பதற்கு. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், கிளம்புவதற்கு முன் நீ வேலியோரமாக வயலின் கடைசிவரை நடந்து போய் நின்றதைச் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஆசை விட்டுப்போனவன் அப்படி நிற்க மாட்டான். என் ஒருத்தியால் இந்த இடத்தைக் கட்டிக் காக்க முடியவில்லை. நீ இருந்தால் முடியும்.

டோலரஸிடம் அந்தப் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டேன். "அப்ப என்னத்த எழுத?" என்றாள். ஸ்வென்சன் என்றே எழுது, அங்கே இன்னும் ஆள் இருக்கிறது என்றேன்.

முடியாது என்றால் அதையும் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யாகிவிடும்.

நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன்னைக் காக்கட்டும் என்றுதான் இத்தனை வருடமும் முடித்தேன். இந்த முறை, இங்கே வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா
எல்டா