குனிந்த பேய்

பழவேற்காடு
3.2.2025

அன்புள்ள மாலாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நாம் நடித்த ‘உப்பங்கழி மர்மம்’ படம் யூடியூபில் வந்ததிலிருந்து குப்பம் முழுக்க உன் பேச்சுதான். பொன்னேரியில் உனக்குச் சால்வை போடுகிறார்களாம். பேட்டியில், “தண்ணில நடந்து வர்ற பேய் நான்தான்”னு கூசாமல் சொல்கிறாய்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கதவோரம் நின்று துப்பறிபவரைப் பார்த்துச் சிரித்தது நீ. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் மறைய முடியை விரித்துப் போட்டு, உன் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கியது யார்? நெல்வயல்காரி உனக்கு முழங்கால் தண்ணீரே பயமாச்சே! எனக்கு வயிறு எரிகிறது மாலா. மறைப்பானேன்?

தனக்கோடி

பொன்னேரி
10.2.2025

அன்புத் தனக்கோடி,

கோபித்துக்கொள்ளாதே. கதையில் செத்தவள் நான் என்றால் பேயும் நான்தானே? பேட்டி எடுத்தவர் கேட்டார், ஆமாம் என்றுவிட்டேன். இனிமேல் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? விழாவுக்கு வா. முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.

உன் மாலா

பழவேற்காடு
14.2.2025

மாலா,

முன்வரிசையில் உட்கார்ந்து உனக்குக் கைதட்டவா? வரமாட்டேன்.

படத்தை நன்றாகப் பார். பேய் நாலடி நடக்கும், சட்டென்று ஒரு தோளைச் சாய்த்துக் குனியும். அதுதான் படத்திலேயே பயங்கரம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது நடிப்பே இல்லை. காலில் இறால் பட்டது, கை தானாகப் போய்விட்டது. கையால் இறால் தடவிப் பிழைக்கிறவளை ஏரியில் இறக்கினால் சும்மா நடந்து வருவாளா? “பேய் எதுக்கும்மா குனியுது?”னு டைரக்டர் கத்தினார். பிடித்த இறாலை வறுத்துத் தின்றவள் நீ.

தனக்கோடி

பொன்னேரி
24.2.2025

தனக்கோடி,

மேடையில், “அதே மாதிரி ஒருவாட்டி குனிஞ்சு காட்டும்மா”ன்னாங்க. குனிந்தேன். தொலைந்த கம்மலைத் தேடுகிறவள் மாதிரி இருந்ததாம், சபையே சிரித்தது. மைக்கை வாங்கி உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

வயிறு எரிவது உனக்கு மட்டும் என்று நினைத்தாயா? “இந்தப் படத்துல நடிச்சது பேய் மட்டும்தான்”னு படப்பிடிப்பு முடிந்த அன்று டைரக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து எனக்கும் எரிகிறது. சால்வையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மாலா

பழவேற்காடு
5.3.2025

அன்புள்ள மாலா,

சால்வை வந்தது. நேற்றுச் சேனல்காரர்களும் வந்தார்கள், அந்தப் பேய்க் காட்சியைத் திரும்ப எடுக்கப் போகிறார்களாம். ஏரியில் இறங்கிக் குனிந்து காட்டினேன். “அப்பிடியே இருக்கும்மா”ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையேறியதும் ஒருவர் சொல்கிறார்: “முகத்துக்கு மட்டும் அந்தப் பொன்னேரி அம்மாவையே வெச்சுக்கலாம்.”

திரும்பவும் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கிறார்களாம். வெள்ளைப் புடவையோடு வந்து சேர். சால்வையைத் திருப்பித் தரமாட்டேன். இறால் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை எனக்கும் மிச்சம் வை.

உன் தனக்கோடி