சர்க்கரை உண்டா என்று கேட்டால்

தூத்துக்குடி
14-8-1976

அன்பு மகன் ஜெபசீலனுக்குச் சித்தப்பா கிருபாநிதி எழுதிக்கொள்வது. கர்த்தர் காக்கிறதினால் நானும் தேவகனி சித்தியும் உன் அம்மாவும் இங்கே மூச்சோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நீ வாத்தியார் வேலை பார்க்கிற அந்தச் சாம்பியாவில் சுகமாயிருக்க வேண்டும், இந்தத் தடவை இது வாய்வார்த்தை இல்லை. உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது, எப்போதும்போல வீரபாகு அண்ணாச்சி காப்பிக்கடையில் நாலு பேர் கேட்க உரக்க வாசித்தேன். மாடிப்படி ஏறும்போது உனக்கு நெஞ்சைப் பிடித்ததும், அங்கத்தி டாக்டர் இருதயத்துக்கு மாத்திரை கொடுத்ததும் வாசித்தேன். அடுத்த வரியை உரக்க வாசிக்கவில்லை. சுகர் உண்டா என்று அவர் கேட்டதற்கு, எங்கள் குடும்பத்துக்கே அது கிடையாது, பெரிய டாக்டர் ஒருவரே என் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார் என்று நீ பதில் சொன்னாயாம். கடுதாசியை மடித்துவிட்டேன். அண்ணாச்சி, "ஏன் வே நிறுத்திட்டீரு, பய ஹெட்மாஸ்டர் ஆயிட்டானா?" என்றார். ஆமா, ஆயிட்டான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மகனே, அந்தப் பெரிய டாக்டர் கதை நான் கட்டியது. நடந்ததைச் சொல்கிறேன், இதில் ஒரு பொட்டுகூடக் கூட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னே உன் அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் அல்லவா, அண்ணன் வாயைத் திறக்கும் முன்னே பதிலெல்லாம் நான்தான் சொன்னேன். டாக்டர் மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளை, "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். நமக்குச் சர்க்கரை என்றால் தின்கிற சாமான்தானே, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சர்க்கரையும் கிடையாது சீனியும் கிடையாது சார், நாலு தலைமுறையா எங்க வீட்டுல உடன்குடிக் கருப்பட்டிதான்" என்றேன். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவர் சிரித்தபடி சீட்டில் ஏதோ கிறுக்கினார், அவ்வளவுதான். அவர் எழுந்து கைகொடுத்தார், இப்படி நோயில்லாத குடும்பத்தைப் பார்த்ததில்லை என்றார் என்று உனக்கு எழுதியதெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சேர்த்தது.

அதற்கப்புறம் அண்ணன் இருதய மாத்திரையை ஒரு வேளை தவறாமல் தின்றார். நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தார், மாத்திரைச் சூடு என்றேன். உடம்பு வற்றியது, அண்ணனுக்கு வாலிபம் திரும்புது என்று ஊரெல்லாம் சொன்னேன். உன் அம்மா தெம்புக்கென்று நாலு வேளையும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள், இன்னும் ஒரு துண்டு போடுங்க மதினி என்றவன் நான். சங்கு குவித்து வைக்கிற கிட்டங்கியில் வேலை பார்க்கும்போது சங்கு கிழித்த கால்காயம் மூன்று மாதமாக ஆறவில்லை, ஆனால் வலியும் இல்லை என்றார், அவர் இரும்பு மனுஷன் என்று அதையும் பெருமையாகவே பேசினேன். கடைசியாக விழுந்த அன்றைக்கும் நெஞ்சு வலிக்கவே இல்லையடா. "வேர்க்குலே, விசிறிய எடு" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிளாரன்ஸ் அவருடைய நீரை ஒரு நீல மருந்தோடு குழாயில் காய்ச்சினாள். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்க வேண்டுமாம், செங்கல்லாகச் சிவந்தது. ஜில்லாவிலேயே இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை என்றாள், இது அவள் சொன்னதுதான். சீனி வியாதிக்காரனுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல் வருமாம். "ரெண்டு வருஷமா இருதயத்துக்கு வைத்தியம் பாத்திருக்கிய, இத ஒருத்தரும் பாக்கலியா?" என்று பழைய சீட்டை வாங்கி வாசித்தாள். சுகர் இல்லை என்று இங்கிலீஷில் இருந்தது. எழுத்து டாக்டருடையது, வாய் என்னுடையது. குழாயைக் காய்ச்ச ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கேட்டவர் கேள்வியோடு விட்டார், நான் பதிலோடு விட்டேன். மறுநாள் மத்தியானம் அண்ணன் போய்விட்டார். அடக்கத்துக்கு மூன்று பஸ்ஸில் ஆள் வந்தது என்று எழுதினேனே, வந்தது ஒரு பஸ், அதிலும் உட்கார இடம் கிடந்தது.

61-ஆம் வருஷத்து முத்துக்குளிப்பின்போது திறக்காத சிப்பியைக் கையில் தூக்கியே உள்ளே முத்து உண்டா இல்லையா என்று சொல்வேன் என்று உன்னிடம் எத்தனை தடவை அளந்திருப்பேன், ஒரு சிப்பிகூட நான் சொன்னபடி இருந்ததில்லை. உன் அம்மா எனக்குக் கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து தான் மட்டும் வெறும் கடுங்காப்பியைக் குடிக்கிறாள். புதன்கிழமை நானும் பிளாரன்ஸிடம் போய்க் காய்ச்சிப் பார்த்தேன், ஆரஞ்சு நிறம் வந்தது. இனி எனக்குக் கருப்பட்டி வேண்டாம் மதினி என்று அவளிடம் சொல்ல வேண்டும், மூன்று நாளாக வாய் வரவில்லை, ஊரெல்லாம் பேசின வாய்.

நீ பிள்ளைகளுக்கு ரசாயனம் நடத்துகிறவன், அந்த நீல மருந்து உன் பள்ளிக்கூட அலமாரியிலேயே இருக்கும் என்று பிளாரன்ஸ் சொல்லுதாள். இந்தக் கடுதாசி கண்ட அன்றைக்கே காய்ச்சிப் பார். நிறம் மாறாவிட்டாலும் அதோடு விட்டுவிடாதே, அந்த டாக்டரிடம் போய் எங்கள் சித்தப்பா பொய் சொன்னார் என்று சொல்லி இரத்தத்தையும் பார்க்கச் சொல், எனக்கு ஒரு குறையும் வராது. இனிமேல் எவர் வந்து சர்க்கரை உண்டா என்று கேட்டாலும் நம் குடும்பத்தில் நான் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையை நீ சொல். தெரியாது, பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, பிள்ளைகளுக்கு என் முத்தம். பதிலில் வேறொன்றும் எழுத வேண்டாம், என்ன நிறம் என்று மட்டும் எழுது. அதைக் காப்பிக்கடையில் வாசிக்க மாட்டேன்.

உன் அப்பாவின் தம்பி,
ஞா. கிருபாநிதி