வட்டப் பலகையும் சரசுவின் தொண்டையும்

கார்த்திகை 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. வாங்கியது: கற்பூரம், பால், உப்புத்தாள்.

வீட்டுக்காரர் செய்த கோயில் ஸ்பீக்கர் பெட்டி முடிந்தது. முன்பலகை வட்டம், மேலே தாமரை வரைந்து, நட்டநடுவில் சின்ன ஸ்பீக்கர். கமிட்டித் தலைவர் கேட்ட லட்சணம். இவரிடம் சொன்னேன்: நடுவில் வைத்தால் எல்லா ஓரமும் ஒரே தூரம், ஓரத்தில் பட்டுச் சிதறும் சத்தமெல்லாம் ஒன்றாக வந்து காதில் குத்தும், கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஓரத்தை மழுக்குங்கள்.

"மைக் செட் போடறவன் நானு. போன்ல பாத்துப்போட்டு எனக்கே பாடமா?"

13, வெள்ளி

பூஜை. எங்கள் பஜனைக் குழுவில் முன்பாட்டு சரசுதான். கிளியூர்க்காரி, எஸ்டேட் வேலை. "சரவணா" என்று எடுத்தாள். புதுப் பெட்டியில் அது தகரத்தில் ஆணி கீறினாற்போல் வந்தது.

தலைவர் எல்லோர் முன்னாலும், "சரசு, தொண்டை போயிருச்சாட்ட இருக்குதுங்க. அடுத்த வாரத்துலருந்து ரெக்கார்டு போட்டுக்கலாம்."

பக்கத்தில் நின்ற இவர் தலையாட்டினார். சே!

14, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. பட்டறையில் மிச்சம் கிடந்த வட்டப் பலகையில் அதே மாதிரி ஒரு ஸ்பீக்கரை நடுவில் மாட்டி, போனில் சத்தத்தை அளந்தேன். திரையில் வந்த கோட்டில் ஒரு பள்ளம், பக்கத்திலேயே ஒரு மேடு. அதே ஸ்பீக்கரைச் சதுரப் பலகையில் ஓரமாகத் தள்ளி மாட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். மேடு அடங்கியது. காதுக்கும் கூச்சம் போனது.

இவரிடம் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அருவருப்பு.

"பொட்டி வெச்சு, சந்தனம் பூசிக் கும்பிட்டாச்சு. இப்பக் கழட்டுனா என் வேலை தப்புன்னு ஆயிருமல்ல? சரசுக்கு வயசாச்சுன்னு போவுட்டும், யாருக்கு நட்டம்?"

முருகா, இந்த மனிதருக்கு நான் சோறு போட வேண்டும். முகம் பார்க்காமல் போட்டேன்.

15, ஞாயிறு

மறுபடி பனி. சரசு வந்தாள்.

"மொளவுக் கசாயம் குடிச்சேனுங்க அக்கா. மோரை நிறுத்திட்டேன். குடுத்த முருகனே எடுத்துக்கிட்டான் போல" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. இவர் பேப்பரை முகத்துக்கு இன்னும் உயர்த்திக்கொண்டார்.

"உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல சரசு. பலகை தப்பு. இவரு வெட்டுனது. இவருக்கும் தெரியும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, நெசமுங்களா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சரசுக்குக் காப்பி போடு."

போடவில்லை. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.