எல்வினை அவர்கள் கை என்கிறார்கள்

அம்மா, முதலில் என்னை ஆசீர்வதி. நான் சுகம். உன் இருமல் நின்றதா?

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் தங்கியிருக்கும் இந்த வீட்டில் வீட்டுக்காரர் கேரட்டும் அவர் நண்பர்களும் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். நிஜமான பேஸ்பால் வீரர்களைத் தங்கள் கற்பனை அணிக்கு ஏலம் எடுப்பார்கள், வேண்டாதவர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். அந்த வீரர்கள் களத்தில் நன்றாக ஆடினால் இவர்களுக்குப் புள்ளி. இன்று நம் எல்வின் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"இருபத்தொரு வயசுக் கை. பந்து தீயா வருது," என்றார் கேரட்.

"ரெண்டு வருஷம் தாங்கும். உடையறதுக்குள்ள எவன் தலையிலயாவது கட்டிடு," என்றார் நண்பர் ரஸ்.

கை, கை என்றே பேசினார்கள். அவன் என்ன, கசாப்புக் கடையில் தொங்கும் தொடையா? நான் அங்கேயேதான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லும்மா, உங்கண்ணன் கை எப்படி இருக்கு? வலி கிலி இல்லையே?" என்று கேட்டார் கேரட்.

"அவன் பேரு எல்வின். அவன்கிட்டயே கேளுங்க."

"பாருடா, வக்கீலம்மா," என்று ரஸ் சிரித்தார்.

வலி இருக்கிறது, அம்மா. பந்து வீசிய மறுநாள் முழங்கையை நீட்ட முடியவில்லையாம். மருத்துவரிடம் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுகிறான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். இங்கே போன் சமையலறையில் இருக்கிறது, இந்த வீட்டுப் பெண்ணுக்கு நாம் பேசும் ஸ்பானிஷ் புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தேங்காய் மிட்டாய் கொடுத்தனுப்பு.

அண்ணனை உடனே கூப்பிட்டு, பந்து வீசாவிட்டாலும் நீ என் பிள்ளைதான் என்று சொல். அதை அவனிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உன் யாரிட்ஸா