சீர்த்தட்டில் வைத்த டயப்பர்

இன்று காலை கடையைத் திறந்து, நேற்று ஒரு விசேஷ வீட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு டயப்பர் கட்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. குழந்தைப் பவுடர் வாசம் குப்பென்று வந்தது. மாத்திரை நெடிக்கு நடுவே அந்த வாசம் வந்தால் எனக்கு உன் ஞாபகம்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனதுக்குள் உன்னோடு பேசாத நாளில்லை. இன்று எழுதியே விடுகிறேன்.

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நீ அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். நான் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; உன் ஊர்ப் பேச்சு எனக்கு வராது. கல்யாணமாகி இருவரும் சிங்காநல்லூருக்கே வந்து சேர்ந்ததும், நான் மருந்துக்கடை வைத்ததும், பிரஷர் மாத்திரை வாங்குகிற சாக்கில் நீ தினமும் வந்து உட்கார்ந்ததும் நம் அதிர்ஷ்டம்.

செல்வி வந்த அன்றும் நீ உட்கார்ந்திருந்தாய். பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. இடுப்பில் கைக்குழந்தை. "ஒரே ஒரு டயப்பர் குடுங்க்கா" என்றாள். அப்படிச் சில்லறையாக வாங்குகிறவர்கள் என் கடைக்கு நிறையப் பேர் வருவார்கள். நீதான் கேட்டாய்.

"ஏங்கண்ணு, ஒண்ணு ஒரு நாளைக்குப் பத்துமா?"

"பத்தாதுங்க. மத்தியானம் கழட்டி வெயில்ல காயவெச்சு, மறுபடியும் போட்டுக்குவேனுங்க."

குழந்தையின் தொடையிடுக்கு வெந்து சிவந்திருந்தது. நான் களிம்பு எடுத்துக் கொடுத்தேன். துணி கட்டினால் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துக்கொள்வதில்லை என்று செல்வி சொன்னாள். டயப்பர் தீர்ந்தால் பாதி நாளில் குழந்தையை வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். இன்னொரு தடவை பாதியில் கிளம்பினால் வேலைக்கு வரவேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

நீ ஒரு பெரிய கட்டை வாங்கி அவள் பைக்குள் திணித்தாய். அவள் போன பிறகு, "இன்னிக்கு ஆச்சு. நாளைக்கு என்ன பண்ணுவா?" என்றாய். என் பில் புத்தகத்தை இழுத்து, ஒரு குழந்தைக்கு மாதம் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாய்.

அடுத்த வாரம் அன்னூர் மண்டபத்தில் உன் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. மஞ்சள், பூ, பழம், வளையல் என்று சீர்த்தட்டுகள் வரிசையாக உள்ளே போக, கடைசித் தட்டில் நீ டயப்பர் கட்டுகளை அடுக்கி என் கையில் கொடுத்திருந்தாய். வழி மறித்தவர் உன் பெரியப்பா. குடும்பத்தில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

"ஏனம்மணி, பூவும் மஞ்சளும் வெக்கற எடத்துல பீத்துணியையா கொண்டாந்து வெப்பே?"

நீ முன்னால் வந்தாய்.

"இன்னும் ஒரு கொழந்தை மேலயும் படாத பஞ்சுங்க பெரீப்பா. இல்லாதவங்க ஊட்டுக் கொழந்தைகளுக்குப் போகுது."

"நாமெல்லாம் துணியில வளரலையா?"

"வளந்தோமுங்க. நமக்குத் தோட்டத்துல கெணறு இருந்துச்சு, தொவைக்க ஆளு இருந்துச்சு. அந்தப் புள்ளைங்க ஒத்த ரூம்புல இருக்குதுங்க. கொழாயில தண்ணி வாரதே எப்பவோ ஒருக்கா. டயப்பர் இல்லீனா காப்பகம் இல்லீங்க. காப்பகம் இல்லீனா வேலை இல்லீங்க."

அவர் பதில் சொல்வதற்குள், மாலையும் சந்தனமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அண்ணன் மகள் மெல்ல எழுந்து வந்தாள். "எனக்கு வெக்கற சீருதானுங்க இது? இதுவும் இருக்கட்டுமுங்க" என்று என் கையிலிருந்து தட்டை வாங்கி, பூத்தட்டுக்குப் பக்கத்தில் தானே வைத்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

திரும்பும் வழியில் கார் ஓட்டிக்கொண்டே நீ அழுதாய். உன் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அவரு பட்டினியாப் போனது வருத்தமாத்தான் இருக்குது. ஆனாத் தப்புச் செஞ்சுபோட்டேன்னு தோணலை" என்றாய்.

அன்றைக்கு வந்திருந்த பெண்கள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அந்தத் தட்டை வைக்க ஆரம்பித்தார்கள். காதுகுத்து, பேர் வைப்பு, எங்கள் மாதா கோவிலில் ஞானஸ்நானம் என்று எல்லா இடத்திலிருந்தும் கட்டுகள் என் கடைக்கு வந்து, செல்வி போன்ற அம்மாக்களுக்குப் போயின. ஒருவர் வேன் நிறையத் தருவதாகச் சொல்லி, குழந்தைகளோடு போட்டோ எடுக்கவேண்டும் என்றார். "கொழந்தை அம்மணமா இருக்கறப்ப போட்டோ எதுக்குங்க?" என்று கேட்டு வேனைத் திருப்பி அனுப்பினாய். அந்த மாதம் தட்டுப்பாடுதான். ஆனாலும் சமாளித்தோம்.

செல்வியின் வேலை போகவில்லை. இப்போது அவள் காயில் சுற்றும் பெண்களுக்கு மேற்பார்வை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

நீ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமலே போனபோது, எல்லாம் இத்தோடு முடிந்தது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் பயந்தேன். பிறகு ஒரு மதியம் உன் பெரியப்பா போன் செய்தார். கொள்ளுப்பேரனுக்குப் பேர் வைக்கிறார்களாம். "தட்டுல வெக்க என்ன சைஸ் வாங்கறதுன்னு தெரியலீங்க, சொல்லுங்க. அவ இருந்திருந்தா அவகிட்டயே கேட்டிருப்பனுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் சைஸ் சொன்னேன்.

நீ இருந்தவரை எங்கே போனாலும் நீ பேசுவாய், நான் பக்கத்தில் நிற்பேன். போன வாரம் பட்டறை வீதியில் புதிதாகத் திறந்த காப்பகத்துக்கு நான் தனியாகப் போனேன். டயப்பர் இல்லையென்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பாதீர்கள், அது எங்கள் பொறுப்பு என்றேன். கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றபடி அதை நடத்துகிற அம்மா சந்தேகமாகப் பார்த்தார். "நீங்க யாருங்க? எந்தச் சங்கம்?"

"சங்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கொழந்தை நாளெல்லாம் ஈரத்துல கெடக்கக் கூடாதுங்க, அவ்வளவுதானுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி நான், உன் கொங்குப் பேச்சு இழுவையில், உன் குரலில், துளியும் கூச்சமில்லாமல் பேசியிருந்தேன்.

அந்தம்மா கதவைத் திறந்துவிட்டார்.