மேலே காய்ந்த தரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே தலைவலி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அம்மா சௌக்கியம், நானும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், அம்மா விஷயத்தில் அது முழு உண்மை. உன் அண்ணிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறாராம், அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இன்னொரு இடத்திலும் காட்டச் சொல்லியிருக்கிறேன். யாரையாவது சந்தேகப்படலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காது என்கிறாள் அம்மா. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ, இங்கே மழை பிடித்துக்கொண்டது, மண் ஓடுதளத்திலிருந்துதான் தினமும் மருந்து தெளிக்கிற விமானத்தைக் கிளப்புகிறேன் என்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. காரணம் இருக்கிறது, உட்கார்ந்து படி. போன செவ்வாய்க்கிழமை நம் தளத்தில் சுருட்டைக்கு விபத்து நடந்துவிட்டது. உன்னோடு பயிற்சி முடித்தவன், நம் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பான். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தொட்டி நிறையப் பூச்சிமருந்து, பாதி தூரம் ஓடியதும் சக்கரம் புதைய ஆரம்பித்துவிட்டது, வேகமும் ஏறவில்லை நிறுத்தவும் இடமில்லை, மருந்தை மொத்தமாகக் கொட்டிவிட்டுத் தூக்கப் பார்த்திருக்கிறான், கடைசி வரப்பில் சக்கரம் தட்டி விமானம் தலைகீழாகப் புரண்டது. கொட்டகை வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் உருளை வண்டியை வரவழைத்துத் தடத்தையெல்லாம் சமன் செய்துவிட்டார். இந்த மனிதர் எந்த வேலைக்கு இவ்வளவு அவசரம் காட்டியிருக்கிறார் சொல். விமானி தாமதமாகத் தூக்கியதுதான் காரணம் என்று மேலிடத்துக்கு எழுதியும் போட்டுவிட்டார், அது நிலைத்தால் சுருட்டையின் லைசென்ஸ் போய்விடும். தொட்டி நிரப்புகிறவனோ கோடு வரைக்கும்தான் ஊத்தினேன் என்று கேட்காமலே மூன்று தடவை சொல்கிறான். மெக்கானிக் என்னைக் கண்டால் திருப்புளியைத் தேடுகிறார். எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன், ஒரு வாரமாக வீட்டில் இதே புலம்பல். அம்மா துணி மடித்துக்கொண்டே, ஏங்க, அன்னைக்கு நீங்க நடந்து போனீங்களா ஸ்கூட்டர்ல போனீங்களா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்ன தெரியும் என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, விமானம் கிளம்பும் முன்னால் கடப்பாரையோடு தளம் முழுக்க நடப்பேன், இருபது அடிக்கு ஒரு தடவை இடுப்பு உயரத்திலிருந்து அதை விடுவேன், நாலு விரற்கடைக்கு மேல் இறங்கினால் அன்றைக்கு விமானம் கிடையாது. கடப்பாரை ஜோசியர் என்று பெயரே வைத்திருந்தார்களே. முழங்கால் வலி வந்த பிறகு, தரை காய்ந்து தெரிகிற நாட்களில் ஸ்கூட்டரிலேயே ஒரு சுற்றுப் போய் வந்துவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. விபத்தன்றும் அப்படித்தான், மழை விட்டு மூன்று நாள் வெயில் அடித்திருந்தது, ஸ்கூட்டர் தார்ச்சாலை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, ஏட்டில் தரை உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று உருளை ஏறாத ஓரமாகப் பார்த்துக் கடப்பாரையை விட்டேன். ஒரு சாண் இறங்கியது. மேலே ஓடு மாதிரிக் காய்ந்திருக்கிறது, கீழே எல்லாம் சேறு.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுருட்டையிடம் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படியே, நீங்க எழுதினதாலதான் மாமா நான் இறங்கிக்கூடப் பார்க்கல என்றான். திட்டியிருந்தால் தேவலை. விசாரணைக்கு அதிகாரி நாளை வருகிறார், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். வேலை போகும், இந்தக் குடியிருப்பும் போகும், அம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்துவிட்டாள், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நீ பதறிக்கொண்டு கிளம்பி வராதே. மேனேஜர் மேல் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் அம்மா, அதைத் தவிர எனக்கு இப்போது வேறு பிரார்த்தனை இல்லை. வேளைக்குச் சாப்பிடு. அங்கே தரை உறுதி என்று ஏட்டில் எழுதுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது, இந்தக் கடிதம் கிடைத்ததும் அடுத்த தடவை விமானத்தில் ஏறுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, நடந்து பார்த்தீங்களா என்று முகத்துக்கு நேரே கேள், கேட்டுவிட்டு நீயும் ஒருமுறை நடந்து பார். நல்ல மனிதராச்சே, எப்படிக் கேட்பது என்று தயங்காதே. உன் அப்பாவும் நல்ல மனிதன்தான்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா